லீனியேஜ்: ஆயிரம் முன்னோரில் ஒரே ஒரு கோடு

எச்சிலைக் குழாயில் பிடித்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புகிறவர்கள், முடிவு வந்ததும் "என் லீனியேஜ் மத்திய ஆசியாவிலிருந்து வந்திருக்கிறது" என்று முகநூலில் எழுதுகிறார்கள். சாதி மாநாட்டு மேடையில் ஒருவர் "நாமெல்லாம் இன்ன மன்னரின் நேரடி லீனியேஜ்" என்கிறார். சம்பந்தம் பேசும்போதும் இந்தச் சொல் வந்து விழுகிறது. எல்லோரும் பேசுவது முன்னோரைப் பற்றித்தான். ஆனால் முன்னோர் என்பது ஒரு பெரிய கூட்டம். லீனியேஜ் என்பது அந்தக் கூட்டத்துக்கு நடுவே நாம் இழுக்கும் ஒரு கோடு. இந்த வித்தியாசம் தெரியாமல் போவதால் வீண் பெருமையும் வருகிறது, வீண் தாழ்வும் வருகிறது. முக்கியமாக, நம் முன்னோரில் பாதிப் பேரான பெண்கள் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்கள். அதனால்தான் இதை அடியிலிருந்து விளக்க வேண்டும் என்று தோன்றியது.

காவிரித் தண்ணீர் யாருடையது?

திருச்சி முக்கொம்பில் நின்றுகொண்டு "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் தலைக்காவிரி என்று சொல்வோம். தவறில்லை. குடகு மலையில் தொடங்கி முக்கொம்பு வரை காவிரி என்ற ஒரே பெயரில் ஒரு பாதை வருகிறது. ஆனால் காலடியில் ஓடும் தண்ணீரில் தலைக்காவிரியில் ஊறியது கொஞ்சம்தான். வழியில் ஹேமாவதி சேர்ந்திருக்கிறது. நரசிபுரத்தில் கபினி சேர்ந்திருக்கிறது. கூடுதுறையில் பவானி, அப்புறம் நொய்யல், கரூர் தாண்டி அமராவதி. தலைக்காவிரி என்று சொல்லும்போது பெயர் வந்த வழியைச் சொல்கிறோம். தண்ணீர் வந்த வழி அதைவிட எத்தனையோ மடங்கு அகலமானது.

பெயர் வந்த வழிதான் லீனியேஜ்: ஒரு முன்னோரிடமிருந்து ஒருவர் வரை தலைமுறை தலைமுறையாக, இடையில் அறுபடாமல் வரும் ஒற்றைக் கோடு. கால்வழி என்றும் கொடிவழி என்றும் தமிழில் சொல்வது இதைத்தான். எல்லா துணையாறுகளும் அவற்றில் விழுந்த மழையும் சேர்ந்தது ஆன்செஸ்ட்ரி, அதாவது மொத்த முன்னோர். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு என்று கிளைகள் பெருகுகின்றன. இப்படி ஒருவரிடமிருந்து கீழ்நோக்கிப் பிரிந்து போவது டிசென்ட், அதாவது வழித்தோன்றல்கள் உண்டாகும் விதம். மேலே பார்த்தால் முன்னோர், கீழே பார்த்தால் வழித்தோன்றல். இரண்டுக்கும் நடுவே நாம் தேர்ந்தெடுத்துப் பெயர் வைக்கும் ஒரு பாதை லீனியேஜ்.

இரட்டிப்புக் கணக்கு

பெற்றோர் 2 பேர். தாத்தா பாட்டிகள் 4. கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் 8. எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டிகள் 16. இப்படியே 10 தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று வைத்தால், இது மதுரையில் நாயக்கர்கள் ஆண்ட காலத்தைத் தாண்டாது. அந்த 1,024 பேரில் அப்பாவுக்கு அப்பாவுக்கு அப்பா என்று ஆண் வழியிலேயே போகும் கோட்டில் நிற்பவர் ஒரே ஒருவர். குடும்பப் பெயரும் குலப்பெருமையும் அவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. மீதி 1,023 பேரும் அதே அளவுக்கு உங்கள் முன்னோர்தான்.

20 தலைமுறைக்கு 10 லட்சத்துக்கும் மேல் இடங்கள். 30 தலைமுறைக்கு 107 கோடி. 30 தலைமுறை என்றால் சுமார் 800 ஆண்டு. அப்போது உலகம் முழுவதிலும் அவ்வளவு பேர் இல்லவே இல்லை! அப்படியானால் கணக்கு எங்கே இடிக்கிறது?

எங்கும் இடிக்கவில்லை. இடங்கள் 107 கோடி. ஆனால் ஒரே ஆள் பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறார். இது நமக்குப் புரியாத விஷயமே அல்ல, ஏனென்றால் நம் ஊர்க் கல்யாணங்கள் அப்படித்தான். அத்தை மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் எட்டுப் பேர் இல்லை, ஆறே பேர். இரண்டு பேர் அப்பா வழியிலும் வருகிறார்கள், அம்மா வழியிலும் வருகிறார்கள். அக்கா மகளைக் கட்டினால் இன்னும் நெருக்கம்: அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியே அம்மா வழியில் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி ஆகிவிடுவார்கள். 1700இல் வாரிசில்லாமல் இறந்த ஸ்பெயின் அரசர் இரண்டாம் கார்லோஸின் பெற்றோரும் இதே உறவுதான், தாய்மாமனும் மருமகளும். ஆனால் அவர் பிறந்த ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் இதைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பச் செய்திருந்தது. அவர் பெற்றோருக்குள் இருந்த மரபணு நெருக்கம் அண்ணன் தங்கைக்குள் இருக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்று 2009இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரே ஆள் பல இடங்களை நிரப்புவதால் முன்னோர் எண்ணிக்கை இப்படிச் சுருங்குவதைப் பெடிக்ரி கொலாப்ஸ் என்கிறார்கள். பெடிக்ரி என்பது வேறொன்றுமில்லை, முன்னோரை வரிசைப்படுத்தி வரைந்த அட்டவணை.

இதுவரை: ஒவ்வொருவருக்கும் முன்னோர் இடங்கள் இரட்டிப்பாகிக்கொண்டே போகின்றன, ஆட்கள் அப்படிப் பெருகுவதில்லை. லீனியேஜ் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு தலைமுறைக்கு ஓர் ஆளைத்தான் தொடும்.

கோட்டை இழுப்பது யார்?

சமூகம்தான். சொத்தும் சாமியும் பட்டமும் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய ஏதோ ஒரு விதி வேண்டியிருக்கிறது. அந்த விதிதான் கோட்டை இழுக்கிறது.

குலதெய்வக் கோயில் கொடைக்கு வரி பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோட்டில் தலைக்கட்டு, தலைக்கட்டாக எழுதுவார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பங்காளிகள் அத்தனை பேரும் அந்த நோட்டில் இருப்பார்கள். அந்த வீட்டில் பிறந்து வேறு ஊருக்கு வாக்கப்பட்டுப் போன பெண் அதில் இருக்க மாட்டாள். அவள் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். கொடைக்கு வரலாம், பொங்கல் வைக்கலாம், வரி கிடையாது. அவர்கள் வேறு சாமிக்கு வரி கட்டுகிறவர்கள். இது தந்தைவழி லீனியேஜ். பங்காளி என்ற சொல்லே அந்தக் கோட்டைத்தான் குறிக்கிறது. அந்த நோட்டை வைத்துப் பார்த்தால் உங்கள் அம்மாவின் அப்பா உங்களுக்கு யாரோ. உடம்பை வைத்துப் பார்த்தால் அவர் உங்கள் அப்பாவின் அப்பாவுக்குச் சமமான முன்னோர்.

வேறு விதமாகக் கோடு இழுத்தவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திருவிதாங்கூரில் பட்டம் அரசரின் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். மார்த்தாண்ட வர்மா 1729இல் தன் தாய்மாமனுக்குப் பிறகு அப்படித்தான் ஆட்சிக்கு வந்தார். மருமக்கள்தாயம் என்ற இந்த முறை நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பங்களிலும் இருந்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்பது அம்மாவிடமிருந்து வருவது. அங்கே ஒருவருக்கும் அவருடைய அப்பாவுக்கும் குடி வேறு வேறு. இது தாய்வழி லீனியேஜ்.

சட்டமும் கோட்டை மாற்றி இழுத்திருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. ரத்தத்தில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. விதிதான் மாறியது. லீனியேஜை இயற்கை எழுதிவைத்த விஷயமாகப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த உதாரணத்தைத்தான்.

உடம்பே சுமக்கும் இரண்டு கோடுகள்

சரி, கோடு மனிதர் போட்டதுதான் என்றால் டிஎன்ஏ சோதனையில் வரும் "தந்தைவழி", "தாய்வழி" எல்லாம் என்ன? அவை உண்மையான கோடுகள்தான். நம் டிஎன்ஏவில் பெரும்பகுதி ஒவ்வொரு தலைமுறையிலும் கலந்து மறுபடி சேர்கிறது. இரண்டு துண்டுகள் மட்டும் ஏறக்குறைய கலக்காமல் போகின்றன.

ஒன்று ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. இன்னொன்று மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பில் தனியாக இருப்பது. இதை அம்மா தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறாள். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது மகள்கள் மட்டும்தான். டிஎன்ஏ என்பது வேதிப்பொருள்களால் ஆன எழுத்து வரிசை. இந்த இரண்டு துண்டுகளிலும் எப்போதாவது நேரும் சிறு எழுத்து மாற்றங்களை வைத்து உலக மக்களைக் கிளைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கிளைக்கு ஹேப்லோகுரூப் என்று பெயர். சோதனை அறிக்கையில் ஆர், ஹெச், எம் என்று எழுத்தும் எண்ணுமாக வருவது அதுதான்.

எவ்வளவு சின்னத் துண்டுகள் என்பதைப் பார்க்க வேண்டும். மனித டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து நீளம். ஒய் குரோமோசோம் அதில் ஏறக்குறைய 2 சதவீதம். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ 16,569 எழுத்து, அவ்வளவுதான். 10 தலைமுறைக்கு முந்தைய 1,024 பேரில் ஒய் ஒருவரைக் காட்டும், மைட்டோகாண்ட்ரியா ஒருவரைக் காட்டும். மற்ற 1,022 பேரைப் பற்றி இரண்டுமே வாய் திறக்காது. "என் ஹேப்லோகுரூப் மத்திய ஆசியாவில் அதிகமாம், ஆகவே நான் அங்கிருந்து வந்தவன்" என்பது தலைக்காவிரியை மட்டும் பார்த்துவிட்டுக் காவிரித் தண்ணீர் முழுவதும் குடகு மழை என்று சொல்வது.

கார் நிறுத்துமிடத்தில் ஓர் அரசர்

ஒற்றைக் கோட்டுக்கு எவ்வளவு வலிமை உண்டு, எங்கே அது உடையும் என்று இரண்டையும் ஒன்றாகக் காட்டிய நிகழ்வு இங்கிலாந்தில் நடந்தது.

இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்ட் 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். லெஸ்டர் நகரில் ஒரு மடாலயத் தேவாலயத்தில் புதைத்தார்கள். மடாலயம் பின்னாளில் இடிக்கப்பட்டது, இடமே மறந்துபோயிற்று. 2012இல் நகரசபைக்குச் சொந்தமான ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது முதுகெலும்பு வளைந்த, தலையில் வெட்டுக்காயங்கள் உள்ள ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அவர்தானா என்று எப்படி உறுதி செய்வது? ரிச்சர்டின் ஒரே முறையான மகன் சிறுவனாக இருந்தபோதே, 1484இல் இறந்துவிட்டான்.

இங்கேதான் தாய்வழிக் கோடு உதவியது. ரிச்சர்டுக்கும் அவருடைய அக்கா ஆனுக்கும் தாய் ஒருத்தி, செசிலி நெவில். அவளுடைய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இருவருக்குமே வந்திருக்கும். ரிச்சர்டால் அதை யாருக்கும் கொடுக்க முடியாது, ஆனால் அக்காவால் முடியும். ஆனின் மகள், அவள் மகள், அவள் மகள் என்று ஆவணங்களில் பெண் வழியைத் தேடிப் பிடித்து, ஐநூறு ஆண்டுகளைத் தாண்டி, இன்று உயிரோடு இருக்கும் இரண்டு பேரிடம் வந்து நின்றார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் மிகத் தூரத்து உறவு. ஒருவருடைய டிஎன்ஏ எலும்புக்கூட்டுடையதோடு முழுக்கப் பொருந்தியது. மற்றவருடையதில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2014இல் முழு விவரத்தையும் வெளியிட்டது.

அதே ஆய்வில் தந்தைவழிக் கோட்டையும் சோதித்தார்கள். ரிச்சர்டின் எள்ளுத்தாத்தா மூன்றாம் எட்வர்ட் அரசர். எட்வர்டின் இன்னொரு மகன் வழியாக ஆண் வழியிலேயே வந்ததாக ஆவணங்கள் சொல்லும் ஐந்து ஆண்கள் இன்று இருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் ரிச்சர்டுக்கும் ஒரே ஒய் இருந்திருக்க வேண்டும். ஒருவருடையதுகூடப் பொருந்தவில்லை. போதாததற்கு அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. அதாவது ஏடு சொல்லும் அப்பா வேறு, பெற்ற அப்பா வேறு என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது நடந்திருக்கிறது. சரியாக எந்தத் தலைமுறையில் என்று சொல்ல வழியில்லை.

அரச குடும்பம், பத்திரமாக வைத்த ஆவணங்கள். அங்கேயே தந்தைவழிக் கோடு இப்படி அறுந்திருக்கிறது. அதனால் யாரையும் இழிவாகப் பேச வேண்டியதில்லை. தத்து, மறுமணம், வளர்ப்பு, மறைத்த உறவு எல்லாம் மனித வாழ்க்கையில் இருப்பவைதான். ஆயிரம் ஆண்டு அறுபடாத ஆண் வழி என்று யாராவது அடித்துச் சொன்னால் மட்டும் இந்த லெஸ்டர் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரிச்சர்டின் யார்க் குடும்பம் அரியணைக்குக் காட்டிய வலுவான உரிமையே அவருடைய அப்பாவைப் பெற்ற ஆன் மார்ட்டிமர் வழியாக வந்தது. ரிச்சர்டைத் தோற்கடித்த ஏழாம் ஹென்றியின் ரத்த உரிமையும் தாய் மார்கரெட் போஃபோர்ட் வழியாகத்தான். ஆண் வழி பெரிது என்று நம்பிய காலத்திலேயே தேவைப்பட்டபோது கோட்டைப் பெண் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

இதுவரை: ஒய் குரோமோசோமும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் ஆளுக்கொரு கோட்டை உண்மையாகக் காட்டுகின்றன. ஏட்டில் உள்ள கோடும் உடம்பில் உள்ள கோடும் ஒன்றாகவே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

மன்னரின் "ரத்தம்" எவ்வளவு மிச்சம்?

அப்பாவிடமிருந்து பாதி வருகிறது. அப்பா கொடுக்கும் அந்தப் பாதியில் அவருடைய அம்மா, அப்பா இருவருடைய துண்டுகளும் கலந்திருக்கும், ஆனால் சரிபாதியாக இருக்காது. ஒரு தாத்தாவிடமிருந்து உங்களுக்கு 22 சதவீதமும் பாட்டியிடமிருந்து 28 சதவீதமும் வந்திருக்கலாம். உங்கள் தங்கைக்கு அது வேறாக இருக்கும். மேலே போகப் போகத் துண்டுகள் சிறிதாகி, சில முன்னோருடையது முழுக்க விடுபட்டுப் போகும். 10 தலைமுறைக்கு முந்தைய முன்னோரில் ஏறக்குறைய பாதிப் பேரிடமிருந்து உங்களுக்கு ஒரு துண்டு டிஎன்ஏகூட வந்திருக்காது. அவர்கள் முன்னோர்தான், அவர்கள் இல்லாமல் நீங்கள் இல்லை. ஆனால் அவர்களுடைய "ரத்தம்" உங்களிடம் இல்லை.

ராஜராஜ சோழன் ஆண்டது 985 முதல் 1014 வரை, 35 தலைமுறைக்கு முன்பு. நாளைக்கே ஒருவர் தன் வழியை அவர் வரை ஆவணத்தோடு நிரூபித்தாலும், அவருடைய டிஎன்ஏ இவரிடம் இருப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. மறுபக்கம், ஒருவரின் சந்ததி இத்தனை நூற்றாண்டு அறுபடாமல் வந்தால் அது ஒரு குடும்பத்துக்குள் அடங்கியிருக்காது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்து, இன்று வரை சந்ததி உள்ளவர்கள், இன்றைய ஐரோப்பியர் ஏறக்குறைய எல்லோருக்குமே முன்னோர் என்று 2013இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. இந்தியாவுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. இங்கே சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள், பிறகு அவரவர் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்று அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. அதனால் பரவும் வேகம் குறைந்திருக்கும். ஆனாலும் ஒரு மன்னருக்குச் சந்ததி இருந்தால் அது ஆயிரக்கணக்கான வீடுகளில், தாங்கள் அப்படி என்றே தெரியாதவர்களிடம் இருக்கும். மேடையில் மைக் பிடித்தவரிடம் மட்டும் இருக்காது.

எங்கே எப்படிச் சொல்வது?

ஒற்றைக் கோட்டைச் சொல்லும்போது லீனியேஜ் சரியான சொல். எந்தக் கோடு என்பதையும் சேர்த்துச் சொன்னால் குழப்பமே வராது: "அம்மாவின் அம்மா வழி லீனியேஜ் தஞ்சாவூர்ப் பக்கம்." மொத்த முன்னோரைச் சொல்ல வேண்டுமானால் ஆன்செஸ்ட்ரி, அல்லது முன்னோர் என்றே சொல்லலாம். இந்த வழிகளைத் தேடி எழுதும் வேலை ஜீனியாலஜி, நம் வம்சாவளி. லெஸ்டரில் டிஎன்ஏ கொடுத்த இருவரையும் ரிச்சர்டின் வாரிசுகள் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் அவருடைய அக்காவின் வழித்தோன்றல்கள். அவரோடு இரத்த உறவு உண்டு, அவருடைய நேர் வழியில் வந்தவர்கள் அல்லர். ரத்தமே இல்லாத இடத்திலும் லீனியேஜ் பொருந்தும். குருவிடமிருந்து சீடருக்கு வரும் சங்கீதப் பாடாந்தரத்தை அப்படிச் சொல்லலாம், அங்கேயும் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் அறுபடாத வரிசைதான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கோடுகளை எழுதிப் பார்க்க ஆசை வந்தால் அம்மாவின் அம்மா வழியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் முதலில் மறந்துபோவது அதுதான். வீட்டில் மூத்த பெண் யாரோ அவரிடம் பாட்டியின் அம்மா பெயர், பிறந்த ஊர், பிறந்த வீட்டுக் குலதெய்வம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய பத்திரங்களைப் பாருங்கள். கிரயப் பத்திரங்களில் பெரும்பாலும் தகப்பனார் பெயர்தான் கிடைக்கும். உயிலிலும், பெண்ணுக்கு எழுதி வைத்த தானப் பத்திரத்திலும், பாகப் பிரிவினைப் பத்திரத்திலும் மகள்கள் பெயர் வரிசையாக இருக்கும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் பெயரும் இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அதை யார் சொன்னார், எந்தத் தாளில் பார்த்தோம் என்று எழுதி வையுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளலாம், எது சரி என்று அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை.